பட்டி பூசினா சரியாகிடுமா பாஸ்? மேடு பள்ளச் சுவரை முதல் பூச்சுக்குத் தயார் செய்வது எப்படி?

ரீல்ஸில் பார்க்கும்போது எல்லாமே ஈஸியாகத்தான் இருக்கிறது. ஒருத்தர் கரண்டியால் கலவையை அள்ளி சுவரில் வீசுகிறார். மட்டப்பலகையை வைத்து ஒரே இழு. முப்பதே செகண்டில் சுவர் வழவழ! ‘அட, நம்ம வீட்டு பின் ரூம் சுவரை நாமளே பூசிடலாம்போலயே’ என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால், அந்த 30 செகண்டுக்கு முன்னால் அந்தச் சுவரில் ரெண்டு மூணு நாள் வேலை நடந்திருக்கும். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. முழுக்க தூசி, சத்தம், தண்ணி. லைக் விழாத வேலை அது.

அந்த லைக் விழாத வேலையைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். ஏனென்றால், பூச்சு நிற்பதும் விழுவதும் அங்கேதான் முடிவாகிறது.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். பத்துக்குப் பத்து அடிச் சுவர். அதில் 15 மி.மீ. கனத்துக்குப் பூசுகிறீர்கள். அவ்வளவு கலவையின் எடை சுமார் 280 கிலோ. கால் டன்னுக்கும் மேல்! ஆணி கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. சுவரைப் பிடித்துக்கொள்ளும் பிடிமானம் ஒன்றை நம்பித்தான் அது செங்குத்தாக நிற்கிறது. கீழே கட்டில், அதில் தூங்கும் தம்பி தங்கை. பிடிமானம் சரியில்லையென்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

‘எதுக்கு இவ்ளோ டென்ஷன், கடையில பட்டி வாங்கி பூசினா மேடு பள்ளம் போயிடாதா?’ என்று கேட்பவர்களுக்கு: போகாது. வால் பட்டி என்பது மொத்தமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கான சமாசாரம். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் மேற்பரப்பை நைஸாக்க உதவும். அரை அங்குலப் பள்ளத்தை பட்டியால் நிரப்பினால் காய்ந்ததும் வெடிக்கும், அப்புறம் உரிந்து வரும். பட்டியின் வேலை வேறு, பூச்சின் வேலை வேறு.

சுவர் ஏன் மேடு பள்ளமாக இருக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் சுவர் மேல் இருக்கும் கோபம் பாதி போய்விடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை கட்டும்போது கொத்தனார் ஒரு பக்கம் நூல் கட்டி, அந்த நூலுக்கு நேராகச் செங்கல்லை வைத்துக்கொண்டே போவார். சூளைச் செங்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று கால் அங்குலம் நீளம், ஒன்று குட்டை, ஒன்று வெந்து வளைந்தது. நூல் பிடித்த பக்கம் ஒழுங்காக வந்துவிடும். வித்தியாசம் எல்லாம் அடுத்த பக்கம் போய்ச் சேரும். உங்கள் அறைக்கு அந்த ‘அடுத்த பக்கம்’ வாய்த்திருந்தால், அது யாருடைய தப்பும் இல்லை. அந்தப் பக்கத்துக்குப் பூச்சின் கனமே கொஞ்சம் கூடுதலாகத்தான் வைப்பார்கள். நூல் பக்கம் 12 மி.மீ. என்றால் இந்தப் பக்கம் 15.

இன்னொரு வகை, பழைய பூச்சு ஆங்காங்கே விழுந்து, அதற்கு மேல் ஒட்டுப் போட்டு, மறுபடி விழுந்து, மறுபடி ஒட்டுப் போட்ட சுவர். தாத்தா கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இதுதான். இதில் எது சுவர், எது ஒட்டு என்பதே முதல் கேள்வி.

முதலில் சுவரைப் படியுங்கள்

இரவில் அறை லைட்டை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் தெரியாத மேடெல்லாம் நிழல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். ஒரு சாக்பீஸ் எடுத்து மேட்டுக்கு வட்டம், பள்ளத்துக்குப் பெருக்கல் குறி போட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு உளியைக் கையில் எடுக்கும்போது இதுதான் மேப்.

அடுத்து, சுத்தியலின் மரப்பிடியால் ஒரு ஜான் இடைவெளியில் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டக் டக்’ என்றால் உள்ளே கெட்டி. ‘டொப் டொப்’ என்று பானையைத் தட்டுவதுபோல் கேட்டால், பழைய பூச்சு செங்கல்லை விட்டு ஏற்கெனவே பிரிந்துவிட்டது. பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடத்தை இரக்கமில்லாமல் கொத்தி எடுத்துவிட வேண்டும். ‘இது நல்லாத்தானே இருக்கு’ என்று அதன் மேலேயே பூசினால், புதுப் பூச்சின் எடையையும் சேர்த்துக்கொண்டு அது கீழே வரும்.

மூன்றாவது, ஓதம். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? பெயின்ட் பொருபொருவென்று உதிர்கிறதா? அப்படியென்றால் இப்போதைக்குப் பூச்சை மறந்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு டெஸ்ட் உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். ஷீட்டுக்குப் பின்னால், சுவர் பக்கம் தண்ணி முத்து முத்தாக நின்றால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பைப் லீக்கா, தரையிலிருந்து ஏறுகிறதா, வெளிச்சுவர் விரிசலா என்று கண்டுபிடித்து, அதைச் சரி செய்து, சுவர் காய்ந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஓதத்தின் மேல் பூசினால் உப்பு அதே வழியில் புதுப் பூச்சையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

விரிசலையும் பாருங்கள். பூச்சில் தலைமுடி அளவுக்கு ஓடும் விரிசல் சாதாரணம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல்லையே பிளந்துகொண்டு, விரல் நகம் நுழையும் அளவுக்குப் போகிறதென்றால் அது பூச்சு விஷயம் இல்லை. அதேபோல் ஒரு செங்கல் துருத்திக்கொண்டிருந்தால் செதுக்கலாம். சுவரே வயிறு தள்ளி நின்றால் கை வைக்கக் கூடாது. இரண்டுக்கும் இன்ஜினீயர்தான் வர வேண்டும்.

இன்னொன்று. வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் கைகொடுக்கும்.

தாத்தா காலத்துச் சுவரா? அப்படியே நில்லுங்கள்!

இந்த இடத்தை மட்டும் ஸ்க்ரோல் பண்ணித் தாண்டிவிடாதீர்கள். உடைந்த பூச்சின் ஓரத்தை ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், ஆணி இறங்காமல் கீறல் மட்டும் விழுந்தால் சிமென்ட். வெள்ளையாக, இளமஞ்சளாக, மாவு மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்புக் காரை. செங்கல் சந்தில் இருப்பது செம்மண் நிறத்தில், தண்ணி தெளித்ததும் கரைந்து கையில் ஒட்டினால் மண் சாந்து. பழைய வீடுகளில், குறிப்பாக ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ் போட்ட வீடுகளில், இந்த இரண்டும் சகஜம்.

சுண்ணாம்புச் சுவரும் மண் சாந்துச் சுவரும் மூச்சு விடும். மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி, வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுப்போகும். ஈரம் உள்ளேயே தங்கி, சிமென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மென்மையான காரையைப் பொடியாக்கும். போதாக்குறைக்கு, சிமென்ட் இறுகும்போது சுருங்கும். தன்னைவிட பலம் குறைந்த அடித்தளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே சுருங்கும். சில வருஷத்தில் பலகை பலகையாகக் கழன்று வரும். பூச்சு வேலையில் மேலே வருவது அடியில் இருப்பதைவிட முரடாக இருக்கக் கூடாது.

இந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்து, செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கரு வரை சேர்த்து இழைத்த கைவேலை அது. இப்போதும் அதைச் செய்கிற கொத்தனார்கள் இருக்கிறார்கள். ஆனால், யூடியூப் பார்த்து முதல் முறையாகக் கற்றுக்கொள்ள ஏற்ற வேலை இல்லை. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணியில் போட்டால் கொதிக்கும், தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தெரிந்த மேஸ்திரியிடம் விடுங்கள். கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள். தாத்தா வீட்டுச் சுவரில் சோதனை வேண்டாம்.

இனி வருவதெல்லாம் சிமென்ட் சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்கு.

என்னென்ன வேண்டும்?

உளி, சுத்தியல், கம்பி பிரஷ், கொத்துக் கரண்டி, ஆறடி அலுமினிய மட்டப்பலகை, மணியாசுக்கட்டை, ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், சல்லடை, ரெண்டு பாண்டு, ஒரு மண்வெட்டி. எல்லாமே தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மட்டப்பலகையை மட்டும் வாங்கும்போதே கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பலகையால் நேரான சுவர் வராது.

உடம்புக்கு: கண்ணாடி, நல்ல மாஸ்க், ரப்பர் கையுறை, ஷூ. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கொத்துவது நம் ஊரில் சகஜம். அது சரியல்ல. செங்கல், கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. கொத்தும் இடத்தில் தண்ணி தெளித்துக்கொண்டே வேலை பார்த்தால் தூசி பாதி அடங்கும். ஈர சிமென்ட் கையைப் புண்ணாக்கும். காலையில் ஒன்றும் தெரியாது, சாயங்காலம் விரல் இடுக்கெல்லாம் எரியும்.

சுவரில் பழைய ஆயில் பெயின்ட் இருந்தால் இன்னும் கவனம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள். குட்டிப் பசங்களை அன்றைக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

உளியை வைப்பதற்கு முன் மெயினை ஆஃப் பண்ணுங்கள். சுவிட்ச் போர்டிலிருந்து ஒயர் நேர் மேலேதான் போயிருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஏ.சி. பாயின்ட் பிறகு எடுத்தது, கீசர் லைன் நடுவில் போட்டது என்று ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் ஒரு ரகசியம் இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தண்ணி பைப்புக்கும் இதேதான்.

நூல் சொல்லும் கணக்கு

இனிதான் முக்கியமான கட்டம். எவ்வளவு கொத்துவது, எவ்வளவு நிரப்புவது என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது.

சுவரின் மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி. தூக்குக்குண்டை வைத்துச் செங்குத்து பார்த்து, சுவரிலிருந்து நாலு செ.மீ. தள்ளி ஒரு நூலை விறைப்பாகக் கட்டுங்கள். இதுபோல் இடது, நடு, வலது என மூன்று நூல். எல்லா நூலும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று குறுக்கே இன்னொரு நூல் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒவ்வோர் அடிக்கும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அந்த இடத்திலேயே சாக்பீஸால் எழுதுங்கள். சின்ன எண் என்றால் மேடு, பெரிய எண் என்றால் பள்ளம்.

ஒரு நூலில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 40, 38, 42, 25, 41, 44, 47, 58, 43. எல்லாம் மி.மீ.

இதில் 25-தான் வில்லன். அந்த மேட்டின் மேல் குறைந்தது 10 மி.மீ. பூச்சு வேண்டும். அப்படியென்றால் பூச்சின் முகம் நூலிலிருந்து 15 மி.மீ.-ல் நிற்கும். சாதாரணமாக 40 இருக்கும் இடத்திலெல்லாம் 25 மி.மீ. பூச்சு, 58 இருக்கும் பள்ளத்தில் 43 மி.மீ.! ஒரே ஒரு துருத்தலுக்காக சுவர் முழுவதும் ஓர் அங்குலம் பூசுகிறீர்கள். காசும் போச்சு, எடையும் ஏறிச்சு.

இப்போது அந்த மேட்டை 12 மி.மீ. செதுக்கிவிட்டால்? 25 என்பது 37 ஆகிவிடும். பூச்சின் முகம் 27-ல் நின்றால் போதும். 40 இருக்கும் இடத்தில் 13 மி.மீ., அழகான கனம். 47-ல் 20, 58-ல் 31. இந்த இரண்டு பள்ளங்களையும் மட்டும் முன்கூட்டியே நிரப்பி, மற்ற இடங்களோடு சமமாக்கிவிடலாம். பத்து நிமிஷ உளி வேலை ஒரு மூட்டை சிமென்ட்டை மிச்சப்படுத்துகிறது. மேட்டைக் குறை, பள்ளத்தை நிரப்பு. அதன் பிறகுதான் பூச்சு. மேட்டைக் குறைக்காமல் பூச்சாலேயே சமாளிக்கப் பார்ப்பதுதான் புதுசாக ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் விழும் குழி.

செதுக்கும்போது உளியைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்து, சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுங்கள். நேராக வைத்து ஓங்கி அடித்தால் செங்கல் உள்ளேயே ஆடிவிடும். ஆடிய செங்கல் பூச்சைப் பிடிக்காது. பெரும்பாலும் மேடு என்பது செங்கல்லே அல்ல, சந்திலிருந்து பிதுங்கி இறுகிய கலவைதான். அது சுலபமாக வந்துவிடும்.

பள்ளத்தை நிரப்பும்போது பேராசை கூடாது. ஒரே தடவையில் 15 மி.மீ.-க்கு மேல் அப்பினால் தன் எடையிலேயே தொய்ந்து இறங்கும்; தொய்யாமல் நின்றால் காயும்போது வெடிக்கும். மேலே சொன்ன 58 இடத்தில் 18 மி.மீ. நிரப்ப வேண்டும், அதை ரெண்டு தடவையாகச் செய்யுங்கள். முதல் தடவை போட்டதும், கொஞ்சம் இறுகும் நேரத்தில் கரண்டி நுனியால் குறுக்கும் நெடுக்கும் கீறி விடுங்கள். அந்தக் கீறல்தான் அடுத்த தடவைக்குப் பிடி. ஒரு நாள் விட்டு, நனைத்து, அடுத்தது. கை நுழையும் அளவு குழியென்றால் வெறும் கலவையைத் திணிக்காமல், ஊறவைத்த செங்கல் துண்டைக் கலவையோடு சேர்த்து அடையுங்கள்.

சுவருக்குப் பிடி கொடுங்கள்

செங்கல் சந்துகளைக் கம்பியாலோ உளியாலோ சுமார் 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். கலவை அந்தச் சந்துகளில் போய் விரல்போல் பிடித்துக்கொள்ளும். புதுச்சுவர் கட்டும்போதே, சாந்து ஈரமாக இருக்கும் அன்றைக்கே சித்தாள் இதைச் செய்துவிட்டால் அரை மணி நேர வேலை. ஒரு மாதம் கழித்து என்றால் கை வலிக்கும்.

கான்கிரீட் தூண், பீம் வழவழவென்று இருக்கும். அதில் எதுவும் ஒட்டாது. உளியால் ஓர் அங்குல இடைவெளியில், 3 மி.மீ. ஆழத்துக்கு அம்மி கொத்துவதுபோல் கொத்த வேண்டும். ‘அம்மி கொத்தலையோ’ குரலை தெருவில் கேட்டிருக்காத தலைமுறை, அந்த வேலை எப்படி இருக்கும் என்று பாட்டியிடம் கேட்டுக்கொள்ளவும். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய சிமென்ட் பூச்சையும், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, இப்படியே கொத்தலாம். வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த வெள்ளை அடுக்கடுக்காக இருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத்தண்ணி போட்டுக் கழுவுங்கள்.

தூணும் செங்கல்லும் சேரும் கோடு இருக்கிறதே, அங்கேதான் எல்லா வீட்டிலும் நேர்கோட்டில் விரிசல் ஓடும். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். அந்தக் கோட்டின் மேல் ஓர் அடி அகலத்துக்குக் கோழிவலை வைத்து, இரண்டு பக்கமும் அரையடி வருவதுபோல் ஆணியடித்து விறைப்பாக இறுக்குங்கள். வலை சுவரோடு ஒட்டாமல் லேசாக விலகியிருந்தால் நல்லது, கலவை பின்னாலும் போகும். ஒயர் போட வெட்டிய காடியை அடைத்த இடத்துக்கும் இதே வைத்தியம்.

பிறகு கம்பி பிரஷ், அதன் பிறகு தென்னந்துடைப்பம், கடைசியாகத் தண்ணி. மேலிருந்து கீழே கழுவுங்கள். உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் இன்னும் முடியவில்லை.

தண்ணி எவ்வளவு?

இதில்தான் அனுபவம் பேசும். காய்ந்த செங்கல் தாகத்தோடு இருக்கும். அதன் மேல் கலவையைப் போட்டால் கலவையிலிருக்கும் தண்ணியை உறிஞ்சிவிடும். சிமென்ட் இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணியோடு வினைபுரிவதால். அந்தத் தண்ணி பறிபோனால் பூச்சு மாவாகத்தான் நிற்கும். நகத்தால் சுரண்டினாலே உதிரும் சுவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பல நேரம் காரணம் இதுதான். அதற்காக தண்ணி சொட்டச் சொட்ட நனைத்துவிட்டுப் பூசினால் கலவை பிடிக்காமல் வழுக்கும்.

முதல் நாள் சாயங்காலம் நன்றாக நனைத்துவிடுங்கள். மறுநாள் காலை ஒரு கை தண்ணியைத் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று உடனே குடித்தால் இன்னும் நனைக்க வேண்டும். அப்படியே வழிந்து ஓடினால் பொறுக்க வேண்டும். சுவர் நிறம் கறுத்திருக்க வேண்டும், ஆனால் மினுங்கக் கூடாது. அதுதான் பதம். இட்லி மாவுப் பதம்போல், ரெண்டு தடவை செய்தால் கை சொல்லிவிடும்.

புது அபார்ட்மென்ட்களில் வரும் வெள்ளை ஏ.ஏ.சி. பிளாக் சுவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது தண்ணியை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு பிறகு சுருங்கும். லேசாகத் தெளித்தால் போதும். கலவையும் அந்த பிளாக்குக்கென்று வருகிற ரெடிமிக்ஸாக இருப்பது நல்லது.

கொத்திய கான்கிரீட்டின் மேல் பூசும் முன் சிமென்ட் பால் அடிப்பார்கள். அடித்த ஈரம் இருக்கும்போதே பூசிவிட வேண்டும். அடித்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் அது காய்ந்து, பிடிக்க உதவுவதற்குப் பதில் பிரிக்கிற தாள் மாதிரி ஆகிவிடும்.

காலமும் முக்கியம். கத்திரி வெயிலில் சுவர் நனைக்க நனைக்கக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் காயாது. தை, மாசி தோதான நேரம். எந்த மாதமானாலும் பூசும் அறையில் ஃபேன் போடாதீர்கள்.

மணலும் கலவையும்

பூச்சுக்கு பி-சாண்ட் என்று கேட்டு வாங்குங்கள். கட்டுமானத்துக்கான எம்-சாண்டைவிட நைஸாக இருக்கும். ஆற்று மணல் கிடைத்தால் சலித்தே ஆக வேண்டும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல், முக்காலுக்குத் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் வண்டல் தனி அடுக்காகப் படியும். அது மணலின் அளவில் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம். வண்டல் அதிகமானால் விரிசல் உறுதி.

சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருஷமும் அச்சடித்திருக்கும். மூன்று மாதம் தாண்டியதையும், உள்ளே கட்டி தட்டியதையும் தொடாதீர்கள். உள்சுவருக்கு ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல் போதும். ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று சிமென்ட்டைக் கூட்டினால் சுருக்கமும் கூடும், தலைமுடி விரிசல் வலைபோல் ஓடும். நூறு சதுர அடிக்கு 15 மி.மீ. கனம் என்றால் ஒரு மூட்டை சிமென்ட், ஏழரை கன அடி மணல் சேதாரத்தோடு சேர்த்துச் சரியாக வரும். காய்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும் வரை புரட்டிவிட்டு, பிறகு தண்ணி. அரை மணி நேரத்தில் பூசி முடிக்கிற அளவு மட்டும் கலக்குங்கள். புது ஆளுக்கு ஒரு தடவைக்கு ஒரு பாண்டே ஜாஸ்தி. இறுகிய கலவையில் மறுபடி தண்ணி ஊற்றிக் குழப்பி உயிர் கொடுக்க முடியாது.

கடைசியாக, லெவல் புள்ளி

சுவர் தயார். இப்போது நூல் காட்டிய முகத்தைச் சுவரில் பதிக்க வேண்டும். கலவையில் அரையடிக்கு அரையடி சதுரமாகச் சின்னத் திட்டுகள் வைத்து, அதன் முகம் நாம் கணக்கிட்ட 27 மி.மீ.-ல் நிற்கும்படி தட்டிச் சரி செய்யுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, தூக்குக்குண்டு வைத்து நேர் பார்க்க வேண்டும். குண்டும் அதன் கட்டையும் ஒரே அகலம். கட்டையை மேல் புள்ளியில் ஒட்டிப் பிடித்தால், குண்டு கீழ்ப் புள்ளியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பக்கவாட்டில் புள்ளிக்குப் புள்ளி உங்கள் மட்டப்பலகையின் நீளத்தைவிடக் குறைவாக இருக்கட்டும், அப்போதுதான் பலகை இரண்டிலும் உட்காரும். ஒரு நாள் இறுக விடுங்கள். மறுநாள் பூசும்போது இந்தப் புள்ளிகள்தான் தண்டவாளம், பலகைதான் ரயில்.

என் யோசனை கேட்டால், இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் தெரிந்த கொத்தனார் ஒருவரை அரைநாள் கூப்பிடுங்கள். “அண்ணே, புள்ளி மட்டும் வச்சுக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்குறேன்” என்றால் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார். அப்புறம் சிரித்துக்கொண்டே வருவார். ரெண்டு புள்ளி அவர் வைக்க, ரெண்டு புள்ளி நீங்கள் வையுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பூசும் அன்று சந்தேகம் வந்தால் வீடியோ காலில் கேட்க ஓர் ஆள் கிடைத்த மாதிரியும் ஆச்சு.

முதல் சுவராக ஹாலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஸ்டோர் ரூம், மாடிப்படிக்குக் கீழே, கதவுக்குப் பின்னால் மறையும் சுவர், இதில் ஒன்று. தரையில் நின்று கை எட்டும் உயரம் வரைதான் முதல் முயற்சி. ஸ்டூலுக்கு மேல் ஸ்டூல் போட்டு ஏறுவதெல்லாம் வேண்டாம், உயரத்துக்குச் சாரம் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சீலிங் பக்கமே போகாதீர்கள்.

பூசிய மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், காலையும் மாலையும் சுவரை நனைக்க வேண்டும். அந்த வாரம் ஊருக்குப் போகிற பிளான் இருந்தால் பூச்சைத் தள்ளிப்போடுங்கள், ஊரை அல்ல. கரண்டியையும் பலகையையும் அன்றன்றைக்கே கழுவிவிடுங்கள். கழுவிய தண்ணியையும் மிச்சக் கலவையையும் பாத்ரூம் டிரெயினேஜில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே போய் இறுகிக்கொண்டால், அடுத்த வாரம் பிளம்பரைத் தேட வேண்டியிருக்கும்.